மைக்குக்குக் கேட்கும் வயிறு

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் அத்தியாயம் இன்றும் முடியவில்லை. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், ஒருவரோடு ஒருவர் பேசாமல் வாழ்கிற கதை. பக்கத்துக்கு ஓரிடத்திலாவது "நீண்ட மௌனம்" என்று எழுதி வைத்திருக்கிறார் ஆசிரியர். புத்தகமாகப் படிக்கிறவர்களுக்கு அது இரண்டு சொல். ஒலிநூலுக்காக வாசிக்கிற நான் அங்கே நிஜமாகவே மௌனம் விட்டாக வேண்டும். அங்கேதான் என் வயிறு வாயைத் திறக்கிறது.

இன்று தகப்பன் இறந்த சேதி வருகிற இடம். தங்கை கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கிறாள். மௌனம். கடமுடவென்று ஒரு சத்தம், மாடிப்படியில் யாரோ குடத்தை உருட்டி விட்டது போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலை நிமிர்ந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பாம்புச்செவி. தெருவில் போகிற சைக்கிளின் மணியை வைத்து அது யார் வீட்டு சைக்கிள் என்று சொல்லிவிடுவார். பொத்தானை அமுக்கி, "அக்கா, நாற்காலி சத்தம் போடுது போல. அந்த மௌனத்துலேருந்து இன்னொரு தடவை" என்றார்.

"ஆமா தம்பி, பழசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். பாவம், நாற்காலி வாயில்லாத ஜீவன்.

மார்ச் 6, வியாழன்

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனேன். வெறும் வயிறு வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பு. வெறும் வயிறுதான் கச்சேரியே வைத்தது. மத்தியானம் பசி தாங்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டதில் சாயங்காலம் வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. காலையில் போட்ட இடுப்புப் பட்டியைச் சாயங்காலம் பூட்ட முடியவில்லை.

இருபது வருஷமாக என் குரல் தொலைபேசிக்குள் இருக்கிறது. "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்." "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது." என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டவர்கள். முதல் முறையாக ஒரு முழு நாவல் வந்திருக்கிறது, யாராவது விரும்பிக் கேட்கப் போகிற ஒன்று. பதிப்பகத்து அம்மா முதல் பத்து அத்தியாயங்களைக் கேட்டுவிட்டு, மீதியும் எனக்கா வேறு ஆளுக்கா என்று சொல்வார். எனக்கு இது வேண்டும். வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் ரிப்போர்ட் வாங்கப் போனேன். ரத்தம் சரி. ஸ்கேனில் சூலகம் சரி. கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன் என்பது அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. இந்த ஒரு மாதமாக என் பயம் நாவலைப் பற்றி மட்டும் இல்லை, உள்ளே ஏதாவது கட்டியோ என்றும்தான். யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

எரிச்சல் குடல் நோய்க்குறி என்றார். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. குழாய் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் தொட்டால் சிணுங்குகிற குணம். அதனால் வலி, வயிற்றுப்போக்கு, உப்புசம். நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூல் — புரோபயாட்டிக் — எடுத்துப் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். பார்க்கலாம், சிலருக்கு உதவும், சிலருக்கு ஒன்றுமே செய்யாது என்றார். வெளியே அடுத்தவர் இருமிக்கொண்டிருந்தார். எது வாங்க வேண்டும் என்று கேட்காமலேயே எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

அவர் வேலை முடிந்து வரும்போதே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கடையில் இருந்ததிலேயே பெரிய டப்பா. "பதினாலு வகை பாக்டீரியா இருக்கு. ஒன்னு வேலை செய்யலேன்னா இன்னொன்னு செய்யும்." என் வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவர். உயிருள்ள சரக்கு என்றதும் தொழில் புத்தி கிளம்பிவிட்டது. பிரிட்ஜின் நடுத்தட்டைக் காலி செய்து, டப்பாவை வைத்து, பக்கத்தில் தெர்மாமீட்டரும் வைத்தார். அறை வெப்பத்திலேயே வைக்கலாம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அவன் எந்த அறையைச் சொன்னானோ என்கிறார்.

பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல வேளைக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்க்கிறார். நான் பதினெட்டு வருஷமாக இதே வீட்டில்தான் இருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

பானை. நாலு மணிக்கே பானை.

மார்ச் 20, வியாழன்

ஆறாம் அத்தியாயம். ஒலிப்பதிவு அறையில் புது நாற்காலி. புதிது இல்லை, பாம்புச்செவி தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து தூக்கி வந்தது. மரம், ஆணி இல்லை, மூட்டு மூட்டாகக் கோந்து வைத்து இறுக்கியிருக்கிறார். பழைய நாற்காலி வாசல் ஓரம் குற்றவாளி மாதிரி நிற்கிறது. அதன் மேல் எனக்கு ஒரு பரிதாபம்.

மௌனம் வருகிற இடங்களில் இப்போது ஒரு தந்திரம் செய்கிறேன். வயிறு ஆரம்பிக்கிறதுக்குள் அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுகிறேன். இன்று இரண்டு இடத்தில் பலித்தது. மூன்றாவது இடத்தில் வயிறு முந்திக்கொண்டது. "தரையா இருக்குமோ? பலகை இளகியிருக்கும். கம்பளம் போட்டுடறேன்க்கா" என்றார் பாம்புச்செவி. நான் குனிந்து தரையைப் பார்த்தேன். என்னத்தைப் பார்த்தேனோ.

மார்ச் 22, சனி

கேப்ஸ்யூல் ஆரம்பித்ததிலிருந்து உப்புசம் கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்தை வாசித்தேன். பதினாலு பெயர்களுக்குக் கீழே, "பாக்டீரியாவின் உணவாக இன்யூலின்" என்று ஒரு வரி. அது ஒரு வகை நார்ச்சத்து, குடலில் போய்ப் புளித்து வாயுவைக் கிளப்பக்கூடியது, என்னைப் போன்றவர்களுக்கு ஆகாமல் போகலாம். இது நான் தேடிப் படித்தது. எரிகிற அடுப்பில் நானே விறகு வைத்திருக்கிறேன், அதுவும் தினம் இரண்டு வேளை.

வாசிப்பது என் தொழில். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாசிக்கிறேன். என் வாயில் போட்டுக்கொள்கிறதை மட்டும் வாசிக்கவில்லை.

அவரிடம் வாசித்துக் காட்டினேன், ஒலிநூல் குரலிலேயே. தெர்மாமீட்டரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோபம் இல்லை, வருத்தம்தான். சாயங்காலம் நானே தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

டாக்டரம்மா இந்தத் தடவை நிறையப் பேசினார், நானும் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். பாக்டீரியாவுக்குக் குடும்பப் பெயர் மட்டும் தெரிந்தால் போதாதாம். "தெருப் பேர் மட்டும் சொல்லி வீடு கேக்கற மாதிரி அது. கதவு எண்ணும் வேணும்." அந்தப் பெயருக்குப் பின்னால் வருகிற எழுத்தும் எண்ணும்தான் கதவு எண். எந்தக் கதவு எண்ணை வைத்து உப்புசத்துக்கு ஆராய்ச்சி செய்தார்களோ அதையே வாங்க வேண்டும், அந்த ஆராய்ச்சிகளும் ஒன்று சொன்னதை இன்னொன்று சொல்வதில்லை. வகை அதிகம் என்றால் பலன் அதிகம் என்று அர்த்தமில்லை. காலாவதி நாள் வரைக்கும் எத்தனை கோடி உயிரோடிருக்கும் என்று போட்டிருக்க வேண்டும். ஒன்றே ஒன்று, தினமும், நாலு வாரம். பலன் இல்லையென்றால் நிறுத்திவிட்டு வேறொன்று, அல்லது ஒன்றுமே வேண்டாம்.

பிறகு, வாயில் என்ன என்று கேட்டார். தொண்டைக்காக மிட்டாய், சர்க்கரை இல்லாதது, வாசிக்கிற நாளெல்லாம் ஒன்று மாற்றி ஒன்று சப்பிக்கொண்டிருப்பேன் என்றேன். அதில் சர்க்கரைக்குப் பதிலாக இருக்கிறதே சார்பிட்டால், அதுவும் குடலில் வாயுவாகும் என்றார். பல்லுக்கு நல்லது என்று பதினைந்து வருஷமாகச் சப்புகிறேன். என் வேலையில் இருக்கிற எல்லாப் பெண்கள் பையிலும் இது உண்டு.

முதலில் மிட்டாயை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள், அதற்கப்புறம் கேப்ஸ்யூல் என்றார் டாக்டரம்மா. ஒவ்வொன்றாகச் செய்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். தலையை ஆட்டினேன்.

மார்ச் 26, புதன்

மிட்டாயை நிறுத்தினேன். கேப்ஸ்யூலையும் இன்றே ஆரம்பித்துவிட்டேன். ஒரே ஒரு வகை, கதவு எண்ணோடு. இரண்டு வாரம் காத்திருக்க எனக்கு நேரமில்லை, பத்தாம் அத்தியாயம் வந்துவிடும். டாக்டரம்மாவுக்குத் தொண்டையில் நாவல் இல்லை.

தொண்டைக்கு வெந்நீர். வாசிக்கும் முன் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பதிப்பகத்து அம்மா தொலைபேசியில் பேசினார். எட்டு அத்தியாயம் கேட்டாராம். குரல் பிடித்திருக்கிறதாம். அக்காவையும் தங்கையையும் குரலை மாற்றாமலே பிரித்துக் காட்டுகிறேனாம். நான் நின்றுகொண்டிருந்தேன், உட்கார்ந்துவிட்டேன். பிறகு சொன்னார்: "அந்த ஸ்டூடியோதான் சரியில்லங்க. அடியில ஏதோ உறுமல் வந்துக்கிட்டே இருக்கு. அவர் நாற்காலிங்கறார், தரைங்கறார். வேற இடத்துக்கு மாத்திடலாம்னு இருக்கேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

சரிங்கம்மா என்றேன். சரிங்கம்மா!

ஏப்ரல் 4, வெள்ளி

பாம்புச்செவி இன்று கம்பளத்தைத் தூக்கிப் பலகைகளுக்கு நடுவே பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். வேறு ஸ்டூடியோ விஷயத்தை அவர் எடுக்கவில்லை. வெந்நீர் போதுமா என்று கேட்டார். இந்த ஒரு அறைதான் அவருக்கு. பதிப்பகத்து வேலை போனால் அந்த இடத்தில் கல்யாண வீடியோவுக்குப் பின்னணிப் பேச்சுதான் மிஞ்சும்.

முட்டி போட்டுப் பஞ்சு அடைக்கிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சுருக்கென்றது. சைக்கிள் மணியை வைத்து வீட்டைச் சொல்கிறவருக்கு நாற்காலிக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாதா? முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நாற்காலி என்றார். என் முகம் போகக் கூடாதென்று. அந்த அம்மாவிடமும் நாற்காலி என்றே சொல்லியிருக்கிறார். வேலை கையை விட்டுப் போகிறது, அப்பவும் வாயைத் திறக்கல இந்த மனுஷன்.

நான் என்ன செஞ்சுக்கிட்டிருக்கேன்? வயிறு சத்தம் போடுது. எல்லார் வயிறும்தான் போடும். இதைச் சொல்ல ஒரு வாய் வரல எனக்கு. ஊருக்கெல்லாம் பேசற வாய்.

ஏப்ரல் 5, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்னா நாவல் போயிடுமே என்றேன். "போனா போவுது"ன்னு சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று தெரிந்தவர். "ரிப்பேருக்குப் போற வீட்டுல, கோளாறு பிரிட்ஜுலயா வீட்டு வயரிங்லயான்னு முதல்ல சொல்லிடணும். இல்லேன்னா அவங்க நல்ல பிரிட்ஜைத் தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார்.

பாம்புச்செவிதான் நல்ல பிரிட்ஜ் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பதிப்பகத்து அலுவலகம் இரண்டாம் மாடி. படியேறும்போதே வயிறு இறுகிக்கொண்டது, பதற்றம் வந்தால் அதற்குக் கொண்டாட்டம். அந்த அம்மா மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, "அம்மா, அது ஸ்டூடியோ இல்ல. என் வயிறு. எனக்குக் குடல்ல ஒரு கோளாறு இருக்கு. உப்பிக்கிட்டுச் சத்தம் போடும். அவர் அறையில ஒரு குறையும் இல்ல" என்றேன். மனப்பாடம் செய்திருந்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

சிரிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பேனாவை மூடிவைத்து, வைத்தியம் பார்க்கிறேனா என்று கேட்டார். நல்ல பாக்டீரியா ஒன்று எடுத்து வருகிறேன், நாலு வாரம் போனால்தான் தெரியும், போன பிறகும் தெரியாமல் போகலாம் என்றேன். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்த பிறகு எதற்குப் பாதி?

"புத்தகம் செப்டம்பர்லதான். மாசக் கடைசியில பத்தாவது அத்தியாயம் அனுப்புங்க. அதே அறையிலேருந்தே அனுப்புங்க. அதுலயும் உறுமினா, எனக்கு வேற வழியில்லங்க. வேற குரல்தான்."

நியாயமான பேச்சு. இறங்கி வரும்போது வயிறு இளகியிருந்தது. இப்போது எல்லாம் ஒரு கேப்ஸ்யூலின் கையில். அதற்குக் கை கிடையாது.

ஏப்ரல் 9, புதன்

பாம்புச்செவியிடம் அந்த அம்மா ஏற்கெனவே பேசியிருக்கிறார் போல. நான் போனபோது மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "அப்போ நாற்காலியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்க்கா. பெரிய பொண்ணு மூணு வாரமா ஸ்டூல்ல உக்காந்து சாப்பிடறா."

அவ்வளவுதான் பேச்சு. பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து வாசித்தேன். அது ஒரு சத்தமும் போடவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்சம் இருக்கிறதோ? இல்லை.

ஏப்ரல் 19, சனி

இருக்கிறது. சாயங்காலம் இடுப்புப் பட்டியைப் பூட்டியபடியே கடைக்குப் போய் வந்தேன். வழியில் தெரிந்தவர் ஒருவர் நின்று பத்து நிமிஷம் பேசினார், மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எது வேலை செய்தது என்று வீட்டுக்காரர் கேட்டார். மிட்டாயா, கேப்ஸ்யூலா, நேரத்துக்குச் சாப்பிடுகிறதா, அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டதா? தெரியாது என்றேன். "நாலு பாகத்தையும் ஒரே நேரத்துல மாத்திட்டு எது கெட்டிருந்துச்சுன்னு கேட்டா எப்படித் தெரியும்? எங்க கடைல புதுசா வர்றவன் செய்யற வேலை" என்றார். பதினாலு வகை டப்பா வாங்கியவர் பேசுகிறார். அதைச் சொல்லிக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஏப்ரல் 25, வெள்ளி

பத்தாம் அத்தியாயம். அக்கா காய்ச்சலில் கிடக்கிறாள், தங்கை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். நிறைய மௌனம். முதல் மூன்றிலும் வயிறு அடங்கியிருந்தது. நாலாவதில் லேசாக முனகியது, பாம்புச்செவி கையால் வட்டம் போட்டார், மறுபடி வாசித்தேன். முடித்துவிட்டு எழுந்தபோது முதுகெல்லாம் வியர்வை.

பாம்புச்செவி அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

பதில் இல்லை.

மே 2, வெள்ளி

மீதியும் நானே.

பதிப்பகத்து அம்மா தொலைபேசியில் இதை வானிலை சொல்வது போலச் சொன்னார். உறுமல் இல்லை, ஸ்டூடியோவும் மாறவில்லை. ஒரே ஒரு குறை என்றார். "மௌனமெல்லாம் குட்டையா இருக்குங்க. நீங்க பயந்துக்கிட்டு ஓடறீங்க. ஆரம்பத்துலேருந்தே கொஞ்சம் அப்படித்தான், போகப் போக ரொம்பக் குட்டை. எழுதினவர் நீண்ட மௌனம்னு எழுதியிருக்கார். கேக்கறவங்க அந்த அக்கா தங்கச்சி கூட அங்க கொஞ்ச நேரம் இருக்கணும்."

வயிற்றை முந்துவதாக நினைத்துக் கதையை அல்லவா வெட்டியிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலிருந்து மௌனங்களை மட்டும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். யாரோ ஒருவர் வீட்டு பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாராம், "அப்படியா, அப்படியா" என்று அதற்குள்ளிருந்தே கேட்டது.

மே 20, செவ்வாய்

டாக்டரம்மா, ஒவ்வொன்றாகச் செய்யாததற்கு ஒரு பார்வை பார்த்தார். இப்போது கேப்ஸ்யூலை மட்டும் நிறுத்திப் பாருங்கள், திரும்ப வந்தால் கேப்ஸ்யூலுக்கும் பங்கு இருக்கலாம், வராவிட்டால் உங்களுக்கு அது தேவையே இல்லை என்றார். பயமாகத்தான் இருக்கிறது. நிறுத்துகிறேன்.

ஜூன் 6, வெள்ளி

கேப்ஸ்யூல் இல்லாமல் முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. இந்த வாரம் இரண்டு நாள் உப்புசம், பானை அளவுக்கு இல்லை, சொம்பு அளவுக்கு. கேப்ஸ்யூலுக்குப் பாதிப் பங்கு, மிட்டாய்க்குப் பாதிப் பங்கு என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். டாக்டரம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். அதே கதவு எண்ணை மறுபடி ஆரம்பித்தேன்.

பாம்புச்செவியின் மச்சினிக்கும் இதே தொந்தரவாம், என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். எனக்குப் பொருந்தியது அவங்களுக்குப் பொருந்தணும்னு இல்ல, ஒன்றை எடுத்தால் ஒரு மாதம் அதோடேயே இருக்கச் சொல்லுங்கள், டப்பாவின் பின்பக்கம் முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள், முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன், இதையெல்லாம் அவருடைய அறையில், உரத்த குரலில், மைக் திறந்திருக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

கடைசி அத்தியாயம். அக்காவும் தங்கையும் மேஜைக்கு எதிரெதிரே உட்காருகிறார்கள். அக்கா தண்ணீர் டம்ளரைத் தங்கை பக்கம் நகர்த்துகிறாள். நீண்ட மௌனம். பிறகு தங்கை ஒரே ஒரு சொல் பேசுகிறாள், நாவல் முடிகிறது.

டம்ளரை நகர்த்தினேன். நிறுத்தினேன். இந்தத் தடவை ஓடவில்லை. அந்த மேஜையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வயிறு உறுமியது, நன்றாக, அறை முழுக்க.

கையைத் தூக்கினேன். "தம்பி, நான்தான். வயிறு."

"தெரியும்க்கா" என்றார்.

தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி டம்ளரை நகர்த்துகிற வரியிலிருந்து வாசித்தேன்.